ஓவியன் தனியன் அல்லன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற கல்வியாண்டின் இறுதியில் நம் தமிழ் மன்றத்தின் சார்பில் நடந்த பட்டிமன்றம் நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். ‘கலைஞனை ஆக்குவது பிறவித் திறனா, பயிற்சியா?’ என்பது தலைப்பு. நான் பயிற்சியின் பக்கம் நின்று பேசினேன். பேச்சின் சூட்டில், ‘இதோ நானே சான்று, படிப்பறியாத குடும்பத்தில் பிறந்து, எவர் துணையுமின்றி என் சொந்த முயற்சி ஒன்றாலேயே இந்த மேடையில் நிற்கிறேன்’ என்று முழங்கினேன். கைதட்டல் பலமாக எழுந்தது. தீர்ப்பும் எங்கள் அணிக்கே கிடைத்தது. அன்று பெற்ற கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பட்டிமன்றம் முடிந்து சில வாரங்களில் நுண்கலை மன்றத்தார் ஒரு குறும்படம் திரையிட்டனர். சத்யஜித் ரே 1972-இல் எடுத்த ‘இன்னர் ஐ’ என்னும் செய்திப்படம் அது. இருபது நிமிடமே ஓடும். கறுப்புக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் தடவித் தடவித் தேநீர் கலக்குகிறார், காகிதத்தை மடிக்கிறார், கத்தரிக்கிறார். அவர் வினோத் பிஹாரி முகர்ஜி. வங்காளத்தின் நிலக்காட்சிகளை வரைந்து புகழ்பெற்ற அவர், தம் 53-ஆம் வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பின் வரிசையில் இருந்த ஒருவர், ‘பார்த்தீர்களா! தன்னம்பிக்கை இருந்தால் குருடனும் ஓவியனாகலாம்’ என்றார். பலரும் தலையசைத்தார்கள். எனக்கோ அந்தச் சொல் உள்ளே தைத்தது. நான் மேடையில் முழங்கிய பொய்யை அவர் இன்னொருவருடைய வாழ்க்கையின்மேல் ஏற்றுகிறார் என்று தோன்றியது. அதன்பின் நூலகத்தில் கிடைத்தவற்றையும் பிற இடங்களில் கிடைத்தவற்றையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மனிதரின் கையைப் பிடித்த கைகளே என் கண்ணுக்குத் தெரிந்தன.

வினோத் பிஹாரி 1904-இல் கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. ஒளியியல் தாளில் நாம் படிக்கிறோமே, விழித்திரைக்கு முன்னமே உருவம் குவிந்துவிடும் குறை. குழிவில்லையிட்டுத் திருத்தலாம் என்று படம் போட்டு ஐந்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அவருடைய குறைக்கு அந்தக் குழிவில்லை போதவில்லை. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு எப்படி ஓடும்? பள்ளி தள்ளியது; வீடு தள்ளவில்லை. வீட்டில் படித்த அண்ணன்மார் இருந்தார்கள். ஓர் அண்ணன் மருத்துவர், எழுத்தாளர், கேலிச்சித்திரமும் வரைந்தவர். நூலும் படமும் புழங்கிய வீட்டில், தானே படிக்க முடியாத தம்பிக்குக் கேள்விச் செல்வம் குறைவின்றிக் கிடைத்தது. 1917-இல் தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பப்பட்டார். 1919-இல் அங்கே கலாபவனம் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார்.

அங்கே ஆசிரியராக வந்தவர் நந்தலால் போஸ். இந்த இடத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. இத்தனை குறைந்த பார்வையுள்ள பையன் ஓவியம் கற்று என்ன செய்யப்போகிறான் என்று நந்தலாலுக்கு ஐயம். ஐயப்படுவது ஆசிரியரின் கடமையே. அதில் கொடுமை எதுவும் இல்லை. அவர் தாகூரிடம் தம் கவலையைச் சொன்னார். தாகூரோ, பையன் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து ஈடுபாட்டுடன் வேலை செய்கிறானா என்று மட்டும் கேட்டார். செய்கிறான் என்று தெரிந்ததும், அப்படியானால் அவனை அவன் போக்கில் விடுங்கள், எல்லாருடைய எதிர்காலத்தையும் நாமே தீர்மானிக்க முயல வேண்டாம் என்னும் பொருளில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு பெரிய மனிதர் ஒரு சிறு பையனின் வாழ்வில் குறுக்கிடாமல் நின்றார். குறுக்கிடாமல் நிற்பதும் ஓர் உறவு என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. இந்த ஆண்டுமலரைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்கள் இதைச் சற்றே மனத்தில் கொள்வார்களாயின் கடைசி வரிசை மாணவர்கள் சார்பில் நன்றி கூறுவேன்.

நந்தலாலும் பிறகு அந்தப் பையனை விட்டுவிடவில்லை. வெளியே போய்ப் பார், மரத்தைப் பார், மாட்டைப் பார், மனிதர் நடப்பதைப் பார் என்று மாணவரை அழைத்துச் சென்று பழக்கிய ஆசிரியர் அவர்; கையகல அட்டையிலே நாள்தோறும் கோட்டோவியம் வரைவது அவர் வழக்கம். சிலகாலத்துக்குப் பின் இராம்கிங்கர் பைஜ் என்னும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் அங்கே மாணவராக வந்து சேர்ந்தார். பின்னாளில் சிற்பத்தில் பெரும்பெயர் பெற்றவர் அவரே. இராம்கிங்கரும் வினோத் பிஹாரியும் ஒரே செம்மண்ணில் நடந்தவர்கள். ஒரே சந்தாலிகளைப் பார்த்தவர்கள். ஆயின் ஒருவர் படத்தில் புயல் அடிக்கும். மற்றவர் படத்தில் காற்று நின்றுவிட்டிருக்கும். நட்பு என்பது ஒருவரை ஒருவர் நகலெடுப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த நிலத்துக்குக் ‘கோவாய்’ என்று பெயர். மழைநீர் அரித்து அரித்து ஓடைகளாகப் பிளந்த செம்மண் மேடு. இடையிடையே பனை. நம் பகுதியில் கரிசல் முடிந்து மலையடிவாரத்தை நெருங்கும்போது வரும் செவல் காட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கோவாயை வினோத் பிஹாரி நீண்ட காகிதச் சுருள்களில் வரைந்தார். ஒரே பார்வையில் முழுப்படமும் தெரியாது. சுருளை அவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். மேடு வரும், பள்ளம் வரும், பனை வரும், எங்கோ ஒரு தனி மனிதன் வருவான். தொலைவு தெரியாதவர் ஏன் தொலைவையே வரையத் தேர்ந்தார் என்னும் கேள்விக்கு ஓர் இயற்பியல் மாணவனின் விடை இது, தவறாயின் பொறுத்தருள்க. நல்ல கண்ணுடையவன் ஓரிடத்தில் நின்று தொடுவானம் வரை பார்த்துவிடுகிறான். அவருக்கு அது முடியாது. நடந்து சென்று, அருகே போய், ஒவ்வொன்றாகக் கண்டு, மனத்திலே ஒட்டவைக்க வேண்டும். ஆகவே அவருடைய நிலக்காட்சி நடந்து கண்ட காட்சி. சுருள்வடிவம் அதற்குப் பொருந்தியது. 1937, 38-இல் ஜப்பான் சென்று பழைய சுருளோவியங்களை நேரில் கண்டது இந்த வழியை மேலும் உறுதியாக்கியிருக்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு பேருந்தில் வரும்போது ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க முயல்கிறேன். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரையிலான பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரும் ஒரு சுருளோவியமே அன்றோ! மேற்கே மலை கூடவே வருகிறது. அய்யனார் கோயில் பக்கத்து மடிப்புகளில் மேகம் இறங்கினால் ஆற்றில் தண்ணீர் வரும், ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிறையும், ஊருக்குக் குடிநீர்க் கவலை தீரும் என்று பெரியவர்கள் பேருந்திலேயே கணக்குப் போடுவார்கள். திருவில்லிபுத்தூரை நெருங்க நெருங்கப் பதினொரு நிலைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தலை காட்டும். செண்பகத்தோப்பின் சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமும், 2021-இல் புலிகள் காப்பகமும் அமைந்த மலை இது. புலிக்கும் அணிலுக்கும் காப்பகம் வந்துவிட்டது. அந்த மலையை உட்கார்ந்து வரையும் ஒரு மாணவனை நம் வளாகத்தில் இன்னும் நான் பார்க்கவில்லை. வரையத் தெரியாத நான் இதைச் சொல்வது எளிது என்பீர்கள். உண்மைதான்.

திருவில்லிபுத்தூரைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வினோத் பிஹாரியின் தலைசிறந்த படைப்பாகப் பலரும் கருதுவது, சாந்திநிகேதனத்து இந்தி பவனத்தின் சுவர்களில் 1946, 47-ஆம் ஆண்டுகளில் அவர் தீட்டிய ‘இடைக்கால அடியார் வாழ்க்கை’ என்னும் சுவரோவியம். ஈரச் சுண்ணத்தின்மேல், முழு அளவு மாதிரிப்படம் போட்டு நகலெடுக்காமல், நேரடியாகத் தீட்டியது. ஈரம் காய்வதற்குள் வரைந்தாக வேண்டும். பிழைத்தால் அழிக்க வழியில்லை. கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் வரும் அந்தக் கூட்டத்தில் நம் இராமானுசரும் இருக்கிறார். திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இராமானுசர் வெறும் ஆசாரியர் அல்லர், ஆண்டாளுக்கு அண்ணன். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டாள். பல நூற்றாண்டு கழித்து வந்த இராமானுசர் அந்த நேர்த்திக்கடனைத் தாம் செலுத்திவிட்டு இங்கே வந்தபோது, ‘அண்ணா’ என்று அவள் அழைத்தாள் என்பது மரபு. ‘கோயில் அண்ணன்’ என்று இன்றும் சொல்கிறோம். தங்கையின் கடனை அடைத்தவன் அண்ணன்; இரத்தம் பிறகுதான். நம் ஊர் அண்ணனை வங்காளத்துச் சுவரில் கண்டபோது, அத்தனை தொலைவில் இருந்த ஓவியர் எனக்கும் உறவினராகிவிட்டார்.

அந்தச் சுவரை அவர் தனியாகவா தீட்டினார்? அடியார்களின் வரலாற்றை ஆராய்ந்து சொன்ன க்ஷிதிமோகன் சென் ஆசிரமத்திலேயே இருந்தார். கபீரை ஆராய்ந்த ஹஜாரி பிரசாத் துவிவேதி அந்த இந்தி பவனத்துக்கே பொறுப்பாளர். சாரத்தின்மேல் உடனிருந்து வேலை செய்தவர்களில் மாணவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதனம் சேர்ந்தவர். இன்னொருவர் லீலா.

லீலாவைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். சிந்து மாகாணத்தில் பிறந்த லீலா மன்சுகானி கலாபவனத்தில் பயின்றவர். 1944-இல் வினோத் பிஹாரியை மணந்தார். பார்வை என்றைக்கு வேண்டுமானாலும் முழுதும் போகலாம் என்னும் நிலையில் இருந்த ஒருவரை, அது தெரிந்தே மணந்தார் என்றுதான் நான் கொள்கிறேன். கூடவே இருந்து பயின்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? கணவர் நேபாள அரசின் அருங்காட்சியகப் பொறுப்பேற்றுக் காத்மாண்டு சென்றபோது உடன் சென்றார். அங்கே கணவருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. நேபாளத்துக் கைவினைஞரிடம் மரம் செதுக்கக் கற்றார். பின்பு இராஜஸ்தானத்து வனஸ்தலி, மசூரி, பாட்னா என்று குடும்பம் அலைந்தது. 1949-இல் மகள் மிருணாளினி பிறந்திருந்தாள். கண் அறுவை பயனின்றி முடிந்து, 1957-இல் வினோத் பிஹாரிக்கு இருள் சூழ்ந்தது.

அதன்பின் நடந்ததை நம் செய்திப்படங்களும் பாராட்டுரைகளும் எப்படிச் சொல்கின்றன? ‘மனம் தளராத கலைஞர் மீண்டும் சாந்திநிகேதனம் சென்று கலை வரலாறு கற்பித்தார்’ என்று. சரி. அவர் கற்பித்துக்கொண்டிருந்தபோது டேராடூனில் ஒரு பள்ளியில் கலை ஆசிரியையாக வேலை பார்த்து மகளை வளர்த்தவர் யார்? லீலா. விடுமுறைக்கு மகளைச் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பித் தந்தையின் உலகம் அவளுக்கு அற்றுப்போகாமல் காத்தவர் யார்? அவரே. இத்தனைக்கும் நடுவில் உளியைக் கீழே வைக்காமல் தம் சிற்பங்களையும் செதுக்கினார். வினோத் பிஹாரிக்குப் பத்ம விபூஷண் உண்டு, ரேயின் படம் உண்டு, பாடப் புத்தகத்தில் இடம் உண்டு. லீலா முகர்ஜியின் பெயரைச் சொன்னால் நம் கல்லூரியில் யாருக்கேனும் தெரியுமா? சில மாதங்களுக்கு முன்வரை எனக்கும் தெரியாது.

பார்வை போன பிறகு அவர் செய்தவற்றை எண்ணிப் பார்க்கிறேன். மெழுகில் உருவங்கள், காகிதத்தில் வெட்டொட்டுகள், கோட்டோவியங்கள். 1972-இல் கலாபவனச் சுவரில் மட்பாண்ட ஓடுகளால் ஆன ஒரு பெரும் படைப்பு. மடித்தும் வெட்டியும் அவர் செய்து தந்த காகித உருவங்களைப் பார்த்து ஓடு பதித்தவர்கள் மாணவர்கள். அவர் கை எட்டாத இடமெல்லாம் அவர்கள் கை எட்டியது. நூல்களும் எழுதினார். எழுதினார் என்றால் சொன்னார். கேட்டு எழுதினவர்கள் உண்டு. வங்க மொழியில் ‘சித்ரகர்’ என்னும் தன்வரலாறு அப்படிப் பிறந்தது. எங்கள் வீட்டில் வங்கியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வரும் தாள்களை அம்மாவுக்கு நான் வாசித்துச் சொல்வேன். அம்மா சொல்லச் சொல்ல விண்ணப்பம் எழுதுவேன். அதில் எனக்கு உள்ளூரச் சிறு கூச்சம் இருந்தது. ‘சித்ரகர்’ உருவான விதத்தை அறிந்தபின் அந்தக் கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மாணவர்களைச் சொன்னேன். அவர்களில் ஒருவர்தான் சத்யஜித் ரே. 1940-இல் கலாபவனம் சேர்ந்த ரே, மாணவர் விடுதியின் மேற்கூரையில் வினோத் பிஹாரி தீட்டிய ஓவியத்தைத் தலைநிமிர்ந்து பார்த்தவர். நடுவே ஒரு குளம். சுற்றிலும் மரம், மாடு, மனிதர் என்று ஒரு முழுக் கிராமமே விரியும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் படம் நேராக இருக்கும். முப்பதாண்டு கழித்து உலகப் புகழோடு திரும்பி வந்து ஆசிரியரைப் பற்றிப் படம் எடுத்தார். அந்தப் படம் இல்லையேல் இராஜபாளையத்து மாணவன் ஒருவன் அவரை அறிந்திருப்பானா? கே. ஜி. சுப்பிரமணியன் பரோடாவில் பேராசிரியரானார். வினோத் பிஹாரியின் மகள் மிருணாளினி அங்கே சென்று அவரிடமே பயின்றார். தந்தை மாணவருக்குக் கொடுத்ததை மாணவர் மகளுக்குக் கொடுத்தார். அந்த மகள் சணல் கயிற்றை முடிச்சிட்டு முடிச்சிட்டு ஆளுயரச் சிற்பங்கள் செய்து 2015-இல் மறைந்தார். நூலும் தறியுமாக வாழும் நம் ஊர்க்காரர்கள் அந்தச் சிற்பங்களின் படங்களைக் கண்டால் வியப்பார்கள். ‘முடிச்சு விழுந்தா வேலை கெட்டுது’ என்பதுதானே நம் தறிக்கூடங்களில் கேட்கும் பேச்சு.

இக்கருத்தை விடுதி அறையில் சொன்னபோது நண்பர் ஒருவர் மறுத்தார். ‘உறவு எல்லாருக்கும்தான் இருக்கிறது, எல்லாரும் ஓவியராகிவிடுகிறார்களா? திறன் என்று ஒன்று வேண்டாமா?’ என்றார். நியாயமான கேள்வி. திறனையோ பயிற்சியையோ நான் மறுக்கவில்லை. அவை இரண்டும் இருந்தும் கை பிடிக்க ஆளில்லாமல் அழிந்தவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. தெரிந்த பெயர்களைத் தோண்டினால் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். நான் சொல்வது அவ்வளவே. மேல்நாட்டு நிலக்காட்சி ஓவியருள் முன்னவராகச் சொல்லப்படும் ஜான் கான்ஸ்டபிளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவாலை முதலாளியின் மகன். மரியா பிக்னெல் என்னும் பெண்ணை விரும்பினார். ஓவியம் வரைந்து பிழைப்பவனுக்குப் பெண்ணா என்று அவள் பாட்டனார் தடுத்தார். ஏழாண்டு காத்திருந்து 1816-இல்தான் மணம் முடிந்தது. படம் விலைபோகாத காலத்தில் ஜான் ஃபிஷர் என்னும் பாதிரியார் நண்பர் 1819-இல் ‘வெள்ளைக் குதிரை’ என்னும் பெரிய படத்தை விலை கொடுத்து வாங்கி அவரைத் தூக்கி நிறுத்தினார். 1828-இல் ஏழு பிள்ளைகளை விட்டுவிட்டு மரியா காசநோயால் இறந்தாள். அடுத்த ஆண்டு கான்ஸ்டபிள் காட்சிக்கு வைத்த ‘ஹாட்லி கோட்டை’ படத்தைப் பாருங்கள். இடிந்த கோட்டை, கலங்கிய வானம். முன்பு அவர் வரைந்த நீரோடையும் வைக்கோல் வண்டியும் எங்கே? படத்தில் மரியா இல்லை. படம் முழுவதும் அவள் இல்லாமையே இருக்கிறது. தனியன் என்று உலகமே பேசும் வான்கோவுக்கும் பணமும் வண்ணமும் அனுப்பிய தம்பி தியோ இருந்தான். இருவரும் மறைந்தபின் படங்களைக் காத்து, கடிதங்களை 1914-இல் அச்சிட்டவள் தியோவின் மனைவி யோஹன்னா.

உறவு எப்போதும் தேனாகவே இருக்கும் என்றும் நான் எண்ணவில்லை. தடுத்த பாட்டனாரும் ஓர் உறவுதான். நம் ஊர்ப் பக்கத்தில், ‘படம் போட்டா பசி ஆறுமா?’ என்று கேட்டுத் தூரிகையைப் பிடுங்கிய தந்தையர் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பசியைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

நெடுந்தூரம் போய்விட்டேன், நம் பக்கத்துக்கே வருகிறேன். எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சட்டம் போட்ட பழைய சாமிப்படம் ஒன்று பாட்டி காலத்திலிருந்து தொங்குகிறது. கோவில்பட்டியில் குடியமர்ந்து வரைந்த ஓவியர் கொண்டையராஜுவின் படம் அது. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதியவர். காட்டுத் திரை, தர்பார்த் திரை, தெருத் திரை என்று எழுதிப் பழகிய கை அது. ஆகவே அவர் வழியில் வந்த சாமிப்படங்களில் தெய்வத்துக்குப் பின்னே மலையும் அருவியும் தாமரைத் தடாகமும் விரிந்து கிடக்கும். சிவகாசி அச்சகங்கள் அவற்றை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. நம்மில் பெரும்பாலோர் வாழ்வில் முதன்முதல் பார்த்த நிலக்காட்சி ஓவியம் நாட்காட்டியில் இருந்த அந்தப் பின்னணிதான். நாம் சாமியைக் கும்பிட்டோம், மலையைக் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காக அந்தப் படத்தைக் கீழே இறக்கித் துடைத்தேன். மூலையில் இரண்டு பெயர்கள் இருந்தன. சி. கொண்டையராஜு, அவரோடு டி. எஸ். சுப்பையா. சுப்பையா அவருடைய சீடர். இராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் என்று வேறு சீடர்களும் அவருக்கு உண்டு. அவர்களும் பெயர் பெற்ற ஓவியர்களே. பல படங்களில் குருவும் சீடரும் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக அந்தப் படத்தின் கீழே படுத்து உறங்கியவன் நான். இரண்டாவது பெயரை இப்போதுதான் படித்தேன். ‘கலாபவனம்’, ‘கான்ஸ்டபிள்’ என்று எங்கெங்கோ தேடி அலைந்தவனுக்கு விடை வீட்டுச் சுவரிலேயே ஆணியில் தொங்கியது.

ஆகவே மேடையில் சொன்ன சொல்லை இங்கே திருத்துகிறேன். எவர் துணையுமின்றி நான் வரவில்லை. என் அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். அவள் என்னைவிட நன்றாகப் படித்தவள். கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை நான் இன்றுவரை வாங்கியதில்லை. ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, ‘தம்பி படிக்கட்டும்’ என்று அவளே சொல்லிவிட்டு, மருத்துவமனைக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றப் போனாள். தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, இந்தக் கட்டுரைக்குத் தாள் வாங்கிய காசு உட்பட எல்லாவற்றிலும் அவள் கை உண்டு. பட்டிமன்ற நாளன்று அவள் இரவு முறை வேலை முடித்து, தலைமுடியில் பஞ்சுத் துகளோடு வந்து பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் முழங்கியபோது கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘நல்லாப் பேசுனடா’ என்று மட்டும் சொன்னாள்.

ஆண்டுமலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் படைப்புகளில் ஒருவர் பெயரை மட்டும் அச்சிடுவது வழக்கம். துணை நின்றவர் பெயர் ஒன்றையும் கீழே சேர்க்க ஒரு வரி இடம் தரக் கூடாதா? காகித விலை ஏறியிருப்பது தெரியும். ஒரு வரி என்ன இடத்தை அடைத்துவிடப் போகிறது? இடம் கிடைக்குமானால் என் அக்காவின் பெயரைத் தனித்தாளில் எழுதித் தருகிறேன், அவளைக் கேட்டுக்கொண்டுதான்.

சென்ற ஞாயிறன்று இந்தக் கட்டுரையின் கைப்படியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய பகுதி வந்ததும், ‘அதெல்லாம் எதுக்கு எழுதுற?’ என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சற்று நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்: ‘அந்த லீலாம்மா மரத்துல என்னடா செதுக்குனாங்க? படம் இருந்தாக் காட்டு.’ கைப்பேசியில் தேடி இரண்டொன்றைக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் இருந்தால் கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். நம் நூலகத்தில் லீலா முகர்ஜி பற்றி ஒரு நூலாவது வாங்க நூலகர் அவர்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.